மூன்று ஆண்டு அமைதி

1907-இல் கிரிஸ்டல் ஈஸ்ட்மன் என்ற இருபத்தாறு வயது வழக்கறிஞர் பிட்ஸ்பர்குக்குப் போய்ச் சாவுகளை எண்ண உட்கார்ந்தார். எஃகு உலைகளும் ரயில் பாதைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த ஊர். பிட்ஸ்பர்க் அடங்கிய அலெகெனி மாவட்டத்தில் 1906 ஜூலை 1 முதல் 1907 ஜூன் 30 வரை, வேலை செய்துகொண்டிருக்கும்போது செத்தவர்கள் எத்தனை பேர்? கேட்டால் சொல்ல ஆளில்லை. மரண விசாரணை அதிகாரியின் பதிவேடுகளைப் புரட்டி அவர் எண்ணி எடுத்த விடை 526. எஃகுத் தொழிலாளர்கள் 195 பேர், ரயில்வே ஆட்கள் 125 பேர், சுரங்கத் தொழிலாளர்கள் 71 பேர், மற்ற வேலைக்காரர்கள் 135 பேர்.

எண்ணியதோடு அவர் நிற்கவில்லை. செத்தவர்களின் குடும்பங்களுக்குக் கம்பெனி என்ன கொடுத்தது என்றும் விசாரித்தார். கணவனை இழந்த குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவை பெற்றது 100 டாலர் அல்லது அதற்கும் குறைவு. ஒரு காசும் பெறாத குடும்பங்கள் அந்தக் கணக்கிலேயே அடக்கம்.

அன்றைய சட்டம் அப்படி. காயம்பட்டவர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் முதலாளி தப்பிக்க மூன்று வாசல்கள் திறந்திருந்தன. விபத்தில் தொழிலாளியின் கவனக்குறைவும் சேர்ந்திருந்தால் பணம் இல்லை. கூட வேலை செய்த இன்னொரு தொழிலாளியின் தவறு என்றால் பணம் இல்லை. ஆபத்தான வேலை என்று தெரிந்தே சேர்ந்தாய் அல்லவா என்றால் அதோடு வழக்கு முடிந்தது. உலைக்களத்தில் நடக்கும் எந்த விபத்தும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

நியூயார்க் மாநிலம் 1910-இல் ஒரு புதுச் சட்டம் இயற்றியது. ஆபத்தான சில தொழில்களில் யார் தவறு என்று கேட்காமலேயே முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். தவறு செய்யாதவனின் பணத்தைப் பிடுங்குவது அரசமைப்புக்கு முரண் என்று மாநிலத்தின் உச்ச நிலை நீதிமன்றம் 1911 மார்ச் 24 அன்று அதை ரத்து செய்தது. மறுநாள் மாலை, அதே மாநிலத்தின் மன்ஹாட்டனில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்தது. 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள், குடியேறிவந்த யூத, இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளைகள். முதலாளிகள் இருவரும் மரணம் விளைவித்த குற்றச்சாட்டிலிருந்து விடுதலையானார்கள். 1914-இல் சிவில் வழக்குகள் சமரசமானபோது ஓர் உயிருக்குக் கிடைத்தது சுமார் 75 டாலர்.

அதன்பிறகு சட்டங்கள் விறுவிறுவென வந்தன. 1911-இலேயே விஸ்கான்சின், இன்னும் சில மாநிலங்கள். 1920-க்குள் நாற்பதுக்கு மேல். கடைசியாக 1948-இல் மிசிசிப்பி. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒரே பேரம்தான். தொழிலாளி வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கிறார். முதலாளி 'என் தவறல்ல' என்று சொல்லும் உரிமையை விட்டுக்கொடுக்கிறார். மருத்துவச் செலவும், வேலைக்குப் போகமுடியாத நாட்களுக்குப் பெரும்பாலும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கும் தானாக வந்து சேரும். அந்தப் பணத்துக்கு முதலாளி காப்பீடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் எழுதியவர்கள் இதோடு எழுந்து போய்விட்டார்கள். காப்பீட்டுக் கம்பெனிகளின் கணக்கர்களுக்குத்தான் தூக்கம் போயிற்று. காப்பீடு சரி, பிரீமியம் எவ்வளவு?

ஆயுள் காப்பீட்டுக்காரர்களுக்கு இந்தச் சங்கடம் இருந்ததில்லை. வால்நட்சத்திரப் புகழ் எட்மண்ட் ஹாலி 1693-லேயே பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு, இறப்புக் கணக்கிலிருந்து ஒரு மரண அட்டவணையைப் போட்டுவிட்டார். அதைப் பட்டைதீட்ட இருநூறு ஆண்டுகள் கிடைத்தன. தவிர, மனிதன் ஒரு தடவைதான் சாகிறான். செத்தால் கொடுக்கவேண்டிய தொகை பாலிசியில் எழுதியே இருக்கிறது. தொழிற்சாலை விபத்து அந்த ஒழுங்குக்குள் வராது. ஒரே ஆளுக்கு இரண்டு முறை நடக்கலாம், ஆயுள் முழுவதும் நடக்காமலும் போகலாம். நடந்தால் ஒரு பேண்டேஜோடு முடியலாம். நாற்பது ஆண்டு சக்கர நாற்காலிச் செலவாகவும் நீளலாம்.

1914 நவம்பர் 7 அன்று ஆக்சுவரிகள் எனப்படும் இந்தக் கணக்கர்கள் நியூயார்க்கில் ஒரு சங்கம் அமைத்தார்கள். விபத்துக் காப்பீட்டு ஆக்சுவரிகளின் அமெரிக்கச் சங்கம் இன்றும் அதுதான். அதன் முதல் தலைவர் ஐசக் ரூபினோவ். ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதர், மருத்துவம் படித்தவர், அதைவிட்டுப் பொருளாதாரத்துக்கும் புள்ளிவிவரத்துக்கும் வந்தவர், சோஷலிஸ்ட். காப்பீட்டுக் கம்பெனிக் கணக்கர்களின் சங்கத்துக்கு ஒரு சோஷலிஸ்ட் முதல் தலைவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த விவரம். அமெரிக்காவில் தரவு இல்லை. பிஸ்மார்க் 1884-லேயே விபத்துக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருந்ததால் ஜெர்மனியில் முப்பது ஆண்டுத் தரவு இருந்தது. ரூபினோவ் ஐரோப்பியப் பதிவுகளிலிருந்து ஒரு மாதிரி விபத்து அட்டவணை செய்தார். 1 லட்சம் விபத்து நடந்தால் அதில் எத்தனை சாவு, எத்தனை நிரந்தர ஊனம், எத்தனை பேர் சில வாரங்களில் வேலைக்குத் திரும்புவார்கள் என்ற பட்டியல். ஒவ்வொரு மாநிலச் சட்டமும் எதற்கு எவ்வளவு கொடுக்கச் சொல்கிறதோ அதை இந்தப் பட்டியலோடு பெருக்கினால் மாநிலங்களின் செலவை ஒப்பிட்டுவிடலாம். இரவல் தரவுதான். இரவலாவது கிடைத்ததே என்றுதான் தொழில் நடந்தது.

அமெரிக்காவின் சொந்தத் தரவு சேர ஆரம்பித்தபோது அதை எப்படி அடுக்குவது என்ற கேள்வி வந்தது. எதை எதால் வகுப்பது? விபத்துச் செலவு மேலே. கீழே என்ன போடுவது? ஆட்களின் எண்ணிக்கையா, வேலை நேரமா, சம்பளமா?

சம்பளம் வென்றது. ஒவ்வொரு 100 டாலர் சம்பளத்துக்கும் இத்தனை டாலர் பிரீமியம் என்பதே இன்றுவரை அமெரிக்காவின் பெரும்பகுதியில் வழக்கம். காரணம் தத்துவம் அல்ல, சௌகரியம். சம்பளக் கணக்கு எல்லா முதலாளியிடமும் ஏற்கெனவே இருக்கிறது. தணிக்கையாளர் வந்து சரிபார்க்கலாம். விலைவாசி ஏறினால் தானாக ஏறும். நட்டஈடும் சம்பளத்தை ஒட்டியே போவதால் இரண்டும் சேர்ந்து நகரும். குறை என்னவென்றால், மணிக்கு 50 டாலர் கொடுக்கும் ஒப்பந்ததாரர் 25 டாலர் கொடுப்பவரைப்போல இரண்டு மடங்கு பிரீமியம் கட்டவேண்டி வருகிறது. ஆனால் ஏணியிலிருந்து விழும் வாய்ப்பு சம்பளத்தோடு இரட்டிப்பதில்லை; நல்ல சம்பளத்துக்கு வரும் கைதேர்ந்த தச்சர் குறைவாகவே விழக்கூடும். கலிபோர்னியா இதற்காகவே சில கட்டுமான வேலைகளை இரண்டாகப் பிரித்து, உயர்ந்த கூலிக்குக் குறைந்த விகிதம் வைத்திருக்கிறது. வாஷிங்டன் மாநிலம் சம்பளத்தை விட்டுவிட்டு வேலை நேரத்தையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. அறிவியல்ரீதியில் வாஷிங்டன்காரர்கள் செய்வதுதான் சரி என்பது என் கட்சி. ஆனால் வேலை நேரத்தை நேர்மையாக எழுதிவைக்கும் முதலாளிகளை நம்பவேண்டும். அந்த நம்பிக்கை மற்ற மாநிலங்களுக்கு இருந்ததில்லை.

அடுத்தது வகை. எல்லா வேலையும் ஒன்றல்ல என்பதால் நூற்றுக்கணக்கான தொழில் வகைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்க எண். 8810 என்றால் அலுவலகத்தில் மேசைமுன் உட்கார்ந்து வேலை பார்ப்பவர். 5551 என்றால் கூரை போடுபவர். 1920-களின் தொடக்கத்தில் அமைந்த தேசிய நட்டஈட்டுக் காப்பீட்டு மன்றம்தான் (என்.சி.சி.ஐ. என்ற எழுத்துகளால் அறியப்படுவது) பெரும்பாலான மாநிலங்களுக்கு இந்த வகைகளைப் பராமரித்து, கம்பெனிகள் அனுப்பும் தரவைச் சேர்த்து, வகைக்கான அடிப்படைச் செலவைக் கணக்கிடுகிறது. கலிபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்களுக்குச் சொந்த அமைப்பு உண்டு. ஒஹையோ, வாஷிங்டன், வயோமிங், வடக்கு டகோட்டா நான்கிலும் தனியார் காப்பீட்டுக்கு இடமே இல்லை, அரசு நிதிதான். கூரை வேலையின் விகிதம் அலுவலக வேலையின் விகிதத்தைப்போல ஐம்பது மடங்குக்கு மேல் போவது சாதாரணம். இந்த ஐம்பது மடங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

வகை பிரிக்கத்தான் வேண்டுமா? நம் ஈ.எஸ்.ஐ. திட்டம் பிரிப்பதில்லை. 2019 ஜூலையிலிருந்து முதலாளி பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், பட்டாசு ஆலைக்கும் பின்னலாடைக் கம்பெனிக்கும் இதே கணக்கு. அதில் நோய், பிரசவம் எல்லாம் சேர்ந்திருப்பதால் வெறும் விபத்து விலையாக அதைப் பார்க்கமுடியாது. ஆனாலும் வேறுபாடு தெளிவு: ஒரே விகிதம் என்றால் பாதுகாப்பான தொழில் ஆபத்தான தொழிலின் செலவில் ஒரு பகுதியைச் சுமக்கிறது. அமெரிக்க முறையில் ஆபத்தின் விலை அந்தச் சரக்கின் விலையிலேயே ஏறிவிடும். கூரை வேலை ஆபத்தானது என்றால் கூரை போட்டுக்கொள்பவர் அதற்குக் காசு கொடுக்கிறார்.

*

இனிதான் இந்த அத்தியாயத்தின் நடுக்கேள்வி. ஒரு தச்சுப் பட்டறை, பத்துப் பேர் வேலை. மூன்று ஆண்டுகளாக ஒரு விபத்தும் இல்லை. முதலாளி கேட்கிறார்: "என் பட்டறையில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஊரில் கண்ட பட்டறைக்காரன் கையை அறுத்துக்கொண்டதற்கெல்லாம் நான் ஏன் பணம் கட்டவேண்டும்?"

நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. இந்தத் தொழிலில் 100 பேருக்கு ஆண்டுக்கு சராசரியாக 3 பேர், வேலை நாட்களை இழக்கும் அளவுக்குக் காயப்படுகிறார்கள் என்போம். பத்துப் பேர், மூன்று ஆண்டு என்றால் எதிர்பார்க்கும் விபத்து 0.9. சராசரிப் பட்டறை ஒன்றில் மூன்று ஆண்டும் எதுவும் நடக்காமலிருக்கும் வாய்ப்பு 41 சதவீதம். சராசரியைவிட இரண்டு மடங்கு ஆபத்தான பட்டறையிலும், ரம்பத்துக்குக் காப்பு மூடி போடாத, தரையெல்லாம் மரத்தூள் கிடக்கும் அந்தப் பட்டறையிலும், மூன்று ஆண்டு அமைதிக்கு 17 சதவீத வாய்ப்பு உண்டு. மிகக் கவனமான, சராசரியில் பாதி ஆபத்தே உள்ள பட்டறைக்கு 64 சதவீதம்.

மூன்று ரகத்திலும் நூறு நூறு பட்டறை இருப்பதாக வைத்துக்கொண்டால், விபத்தே இல்லாமல் மூன்று ஆண்டைத் தாண்டுபவை ஏறத்தாழ 122. அவற்றில் 17 மோசமான ரகம். அதாவது 'ஒரு கீறல்கூட இல்லை' என்று நெஞ்சு நிமிர்த்தும் ஏழு முதலாளிகளில் ஒருவர் உண்மையில் ஆபத்தான பட்டறையை நடத்துகிறார். அது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். மறுபக்கமும் உண்டு: மிகக் கவனமான நூறில் 36 பட்டறைகளில் மூன்று ஆண்டுக்குள் ஒரு விபத்தாவது நடந்துவிடுகிறது. அந்த முதலாளிகளைத் தண்டிப்பதும் அநியாயம்.

அதே தொழிலில் 1,000 பேர் வேலை செய்யும் கம்பெனியை எடுங்கள். மூன்று ஆண்டில் 90 விபத்து எதிர்பார்க்கிறோம். 45 தான் நடந்தது. இது அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு இல்லை என்றே சொல்லிவிடலாம். 90 என்ற எதிர்பார்ப்பைச் சுற்றித் தற்செயல் ஆட்டம் பெரும்பாலும் இருபதுக்குள் அடங்கிவிடும். இங்கே கம்பெனியின் சொந்தக் கணக்கே பேசுகிறது. பத்துப் பேர் பட்டறையின் கணக்கு முணுமுணுக்க மட்டும்தான் செய்கிறது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோறு ஒரே சீராக வேகிறது என்பதால். விபத்து அப்படி வேகாது. ஒரு பட்டறையின் மூன்று ஆண்டை எடுத்து நசுக்கிப் பார்த்தால் அது பெரும்பாலும் தற்செயலின் பதத்தைத்தான் காட்டும்.

அப்படியானால் எத்தனை விபத்தைப் பார்த்தபிறகு ஒரு கணக்கை முழுக்க நம்பலாம்? ஆக்சுவரிகள் சங்கம் வெளியிட்ட கட்டுரைகளின் முதல் தொகுதியிலேயே, 1914-இல், ஆல்பர்ட் மௌபிரே இந்தக் கேள்வியை எழுப்பினார். பின்னால் ஆக்சுவரிகளின் பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்ட ஓர் எண் உண்டு: 1,082. எதிர்பார்க்கும் விபத்துகள் 1,082 என்றால், கண்ணில் படும் எண்ணிக்கை உண்மைச் சராசரியிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகாமலிருக்கும் வாய்ப்பு 90 சதவீதம். எத்தனை விபத்து என்பதற்கு மட்டுமே இது. எவ்வளவு செலவு என்பதையும் சேர்த்தால் இன்னும் அதிகம் வேண்டும். ஆண்டுக்கு மூன்றிலொரு விபத்துக்கூட நேராத நம் பட்டறை 1,082-ஐ எட்ட மூவாயிரம் ஆண்டுக்கு மேல் பிடிக்கும்.

1,082 இருந்தால் முழு நம்பிக்கை, 1,081 என்றால் இல்லையா? அப்படி ஒரு கோடு இயற்கையில் கிடையாது. பழைய பழக்கம் வர்க்கமூலத்தை எடுத்தது: 100 விபத்து உள்ள கணக்குக்குச் சுமார் 30 சதவீத நம்பிக்கை. 1918-இல் ஆல்பர்ட் விட்னி அதைவிட ஆழமாகப் போனார். பெர்க்லியில் கணிதமும் காப்பீடும் கற்பித்தவர். பட்டறையின் சொந்த அனுபவம் ஒரு சாட்சி, அந்த வகையின் பொது அனுபவம் இன்னொரு சாட்சி. எதையும் முழுதாக நம்பாதே, முழுதாகத் தள்ளாதே, எடை போட்டுக் கலந்துகொள் என்பது அவர் வழி. சொந்த அனுபவத்துக்கு எவ்வளவு எடை? தரவின் அளவை, அந்த அளவோடு ஒரு மாறிலியைக் கூட்டிவரும் தொகையால் வகுக்க வேண்டும். மாறிலிக்கு 'கே' என்று பெயர் வைத்தார்கள். தரவு 'கே'-க்குச் சமமானால் எடை பாதி. தரவு ஏற ஏற எடை ஒன்றை நெருங்கும், ஒருபோதும் தொடாது.

எடுத்துக்காட்டாக, வகையின் பொதுச் செலவு 100 டாலர் சம்பளத்துக்கு 10 டாலர்; வேறொரு பட்டறையின் சொந்தச் செலவு 4 டாலர்; எடை ஐந்தில் ஒன்று. ஐந்தில் ஒரு பங்கு 4, நான்கு பங்கு 10. கலந்தால் 8.80. அந்த முதலாளியின் சொந்த 4 இல்லை. ஆனால் ஊரார் கட்டும் 10-உம் இல்லை.

'கே' எவ்வளவு? விட்னியின் காலத்தில் அது ஏறக்குறைய அனுபவசாலிகளின் கைப்பக்குவம். வரும் விலை நியாயமாகத் தோன்றும்படி வைத்துக்கொண்டார்கள். கணிதப் புள்ளியியலின் பேராசிரியர்களுக்கு இது முகம் சுளிக்கவைக்கும் சங்கதி. தரவு பேசவேண்டிய இடத்தில் முன்கருத்தைக் கொண்டுவந்து கலக்கலாமா? ஆக்சுவரிகள் கண்டுகொள்ளவில்லை, கலந்த விலை வேலை செய்தது. 1940-களில் ஆர்தர் பெய்லி என்ற ஆக்சுவரி தம் சகாக்கள் முப்பது ஆண்டாகச் செய்துவந்தது என்ன என்று உட்கார்ந்து ஆராய்ந்தார். பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரியார் தாமஸ் பேய்ஸின் தேற்றத்தைத்தான் இவர்கள் பெயர் சொல்லாமல் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள் என்று 1950-இல் எழுதினார். பல்கலைக்கழகங்கள் அந்தத் தேற்றத்தை ஓரங்கட்டியிருந்த காலம் அது.

1967-இல் சுவிஸ் கணிதர் ஹான்ஸ் பியூல்மன் 'கே'-யின் முகமூடியைக் கழற்றினார். அது இரண்டு சிதறல்களின் விகிதம். மேலே, ஒரே பட்டறைக்குள் ஆண்டுக்கு ஆண்டு தற்செயல் எவ்வளவு ஆட்டுகிறது என்பது. கீழே, பட்டறைக்குப் பட்டறை உண்மையான ஆபத்து எவ்வளவு மாறுபடுகிறது என்பது. தற்செயல் பெரிதாக ஆட்டினால் 'கே' பெரிது, சொந்தக் கணக்கை நம்பாதே. பட்டறைகள் உண்மையிலேயே ஒன்றுக்கொன்று மிக வேறுபட்டால் 'கே' சிறிது, சொந்தக் கணக்குக்குக் காது கொடு. இரண்டையும் தரவிலிருந்தே அளந்துவிடலாம். நம் பட்டறை முதலாளியின் கேள்விக்கு இதைவிட நேர்மையான விடை எனக்குத் தெரிந்து இல்லை: "உங்கள் அமைதியை எவ்வளவு நம்புவது என்பது உங்களைப் பொறுத்தது மட்டும் இல்லை. உங்கள் தொழில்காரர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பதையும் பொறுத்தது."

நடைமுறையில் இது ஒரு பெருக்கு எண்ணாக வருகிறது. தொழில்காரர்கள் அதை 'மாட்' என்பார்கள். 1.00 என்றால் தன் வகையின் சராசரி. 0.85 என்றால் பிரீமியத்தில் 15 சதவீதம் தள்ளுபடி; 1.30 என்றால் 30 சதவீதம் கூடுதல். பிரீமியம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டாத சின்ன முதலாளிகளுக்கு மாட் போடுவதே இல்லை. அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்களுடைய சொந்தக் கதையில் கேட்க ஒன்றும் இல்லை என்று கணிதம் சொல்லிவிட்டது.

மாட் கணக்குக்குள் இன்னொரு நுட்பம் இருக்கிறது. இரண்டு பட்டறைகளும் மூன்று ஆண்டில் 60,000 டாலர் நட்டம் காட்டின என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரே விபத்து, 60,000. இன்னொன்றில் 6,000 வீதம் பத்து. எது மோசம்? இரண்டாவதுதான். ஏணியிலிருந்து வழுக்கியவர் புல்லில் விழுந்து எழுந்து போவதும், கல்லில் விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொள்வதும் பெரும்பாலும் கடைசிக் கணத்தின் தற்செயல். ஆனால் ஏணி வழுக்கியது தற்செயல் அல்ல. அடிக்கடி வழுக்குகிறது என்றால் ஏணியில், தரையில், மேற்பார்வையில் ஏதோ கோளாறு. எனவே ஒவ்வொரு கிளெய்மையும் வெட்டுகிறார்கள். ஒரு வரம்பு வரை உள்ள தொகை ஏறக்குறைய முழு எடையோடு மாட்டில் சேரும். வரம்புக்கு மேற்பட்டது மிகக் குறைந்த எடையோடு.

இந்த வரம்பு தேசிய மன்றத்தின் மாநிலங்களில் சுமார் இருபது ஆண்டு 5,000 டாலரிலேயே நின்றுவிட்டது. அதற்குள் சராசரி கிளெய்மின் செலவு ஏறத்தாழ மூன்று மடங்கானது. கிளெய்மில் பெரும்பகுதி வரம்புக்கு மேலே போய்விட, நல்ல பட்டறைக்கும் கெட்ட பட்டறைக்கும் மாட்டில் வித்தியாசம் மங்கிப்போனது. 2013-இல் 10,000 ஆக்கினார்கள், அடுத்த ஆண்டு 13,500. மோசமான கணக்குள்ள பல முதலாளிகளுக்கு அன்று திடீரென்று பிரீமியம் ஏறியது. அவர்கள் பட்டறையில் எதுவும் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது.

இதுவரை நான் மறைத்துவைத்த ஒரு சிக்கல்: செலவு எவ்வளவு என்று நமக்குத் தெரியும் என்பதுபோலவே பேசிவந்தேன். தெரியாது. 2023-இல் ஒருவர் சிமென்ட் மூட்டை தூக்கும்போது முதுகு பிடித்துக்கொள்கிறது. முதலில் மாத்திரை, பிறகு பிசியோதெரபி, ஓராண்டு கழித்து அறுவை சிகிச்சை, பிறகு வலி மருந்து, பத்தாண்டு கழித்து இரண்டாவது அறுவை சிகிச்சை. பல மாநிலங்களில் மருத்துவச் செலவுக்கு ஆயுள் வரை பொறுப்பு உண்டு. மொத்தச் செலவில் ஏறத்தாழ பாதி இன்று மருத்துவம்தான். ஆகவே ஒவ்வொரு பாலிசியின் கணக்கையும் அது தொடங்கி 18 மாதம் ஆனதும் முதல் தடவை மதிப்பிட்டு அனுப்பவேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, மொத்தம் பத்து அறிக்கை வரை. 2025 ஜனவரியில் தொடங்கும் பாலிசிக்கு மாட் போடும்போது 2021, 2022, 2023 மூன்றும்தான் கணக்கில் வரும். 2024 இன்னும் பழுக்கவில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

பழுக்காத ஆண்டுகளை வைத்து வகை விகிதம் போட ஆக்சுவரிகள் ஒரு முக்கோணம் வரைவார்கள். ஒவ்வொரு வரியும் ஒரு பாலிசி ஆண்டு. குறுக்கே முதல் அறிக்கை, இரண்டாம் அறிக்கை என்று செலவு வளர்வது. பழைய ஆண்டுகளின் வரி நீளம், புதிய ஆண்டுகளின் வரி குட்டை. பழைய ஆண்டுகளில் முதல் அறிக்கையின் 100 டாலர் இரண்டாவதில் 120 ஆகவும் மூன்றாவதில் 128 ஆகவும் வளர்ந்திருந்தால், குட்டை வரிகளும் அப்படியே வளரும் என்று நீட்டுகிறார்கள். அதன்மேல் மருத்துவ விலை ஏற்றம், சம்பள ஏற்றம், இடையில் சட்டம் நட்டஈட்டைக் கூட்டியிருந்தால் அதற்கான திருத்தம். ஆண்டுக்கு நாலைந்து பேர் மட்டுமே செய்யும் அபூர்வத் தொழில் வகைகளில் ஒரே ஒரு சாவு விகிதத்தை ஆகாயத்துக்குத் தூக்கிவிடும். அங்கும் விட்னியின் மருந்துதான்: மாநிலத்தின் தரவு, நாடு முழுவதன் தரவு, ஏற்கெனவே உள்ள விகிதம், மூன்றையும் எடை போட்டுக் கலப்பது.

*

காய்ச்சலுக்குத் தன்னை அளக்கிறார்கள் என்று தெரியாது. முதலாளிக்குத் தெரியும். மாட் சிறு கிளெய்ம்களின் எண்ணிக்கையைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்த அன்றே, 'ஆஸ்பத்திரிச் செலவை நானே கொடுத்துவிடுகிறேன், எழுதாதே' என்ற பேச்சு ஆரம்பமாயிற்று. அதற்கு மாற்றாகப் பெரும்பாலான மாநிலங்களில், வேலை நாள் இழக்காத, வைத்தியத்தோடு முடிந்த கிளெய்ம்களை மாட் கணக்கில் 70 சதவீதம் தள்ளிவிட்டுச் சேர்க்கிறார்கள். மறைப்பதில் லாபம் குறைந்தால் பதிவு கூடும். கட்டுமானத்தில் இன்னொரு கூத்து: மாட் 1.00-க்கு மேல் இருந்தால் டெண்டரில் கலந்துகொள்ளவே முடியாது என்று பெரிய ஒப்பந்ததாரர்கள் நிபந்தனை போடுகிறார்கள். விலை போடச் செய்த எண் நற்சான்றிதழ் ஆகிவிட்டது. இது தவறான பயன்பாடு என்று நான் நினைக்கிறேன். 0.98 மாட் உள்ள கூரைக்காரர் சராசரிக் கூரைக்காரரைவிட மயிரிழை மேல், அவ்வளவுதான். சின்னக் கம்பெனியானால் அந்த 0.98-இல் பெரும்பகுதி அவருடையதுகூட அல்ல, வகையின் சராசரி.

அந்த ஐம்பது மடங்குக்கு வருவோம். கூரைமேல் நிற்கும் ஆளை ஏட்டில் அலுவலகக் குமாஸ்தா என்று எழுதினால் பிரீமியம் ஐம்பதில் ஒன்றாகச் சுருங்கும். எழுதுகிறார்கள். பத்து ஆளை மூன்று ஆள் என்றும் எழுதுகிறார்கள். புளோரிடாவில் பெயருக்கு ஒரு கம்பெனி தொடங்கி, சின்னச் சம்பளக் கணக்கு காட்டி மலிவாக ஒரு காப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி, அதைக் கட்டுமானக் குழுக்களுக்கு வாடகைக்கு விடுவது ஒரு தொழிலாகவே நடந்து வழக்குகளாகியிருக்கிறது. ஆண்டு முடிவில் தணிக்கையாளர் வரும்போது வங்கிக் கணக்கு, வரிப் படிவம், துணை ஒப்பந்தச் சீட்டு எல்லாவற்றையும் சம்பளப் பட்டியலோடு ஒட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்.

பிடிபடாமல் போனால் நட்டம் காப்பீட்டுக் கம்பெனியோடு நிற்பதில்லை. வகை விகிதம் என்பது அந்த வகையின் விபத்துச் செலவை அந்த வகையின் சம்பளத்தால் வகுப்பது. ஏட்டுக் குமாஸ்தா ஒருநாள் கூரையிலிருந்து விழுவார். விசாரணையில் உண்மை தெரிந்து, கிளெய்ம் 5551-இல் போய்ச் சேரும். அவரைப்போல ஏட்டில் குமாஸ்தாக்களாக இருந்து விழாமல் தப்பியவர்களின் சம்பளம் 8810-லேயே தங்கிவிடும். மேலே உள்ள எண் முழுதாக இருக்கிறது, கீழே உள்ள எண் குறைந்திருக்கிறது. தரவில் தவறு இருப்பதாக யாருக்கும் தோன்றாது. கூரை வேலை கொஞ்சம் ஆபத்தாகிவிட்டது என்றுதான் அது காட்டும். அடுத்த ஆண்டு விகிதம் ஏறும். ஆட்களை ஆட்களாகவே எழுதிய கூரைக்காரர் அதைக் கட்டுவார். ஏறிய விகிதத்தைப் பார்த்து இன்னும் சிலர் தங்கள் ஆட்களைக் குமாஸ்தா ஆக்குவார்கள்.